'தொடரும்' என்ற சொல் நம் ஊருக்கு வந்த கதை

2024 டிசம்பர் மாதத்தில் ஒருநாள் காலை, தஞ்சாவூரில் எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் அம்மா வாசலில் கூடையை இறக்கி வைத்ததும் என் மனைவியிடம் சொன்ன முதல் வார்த்தை கீரையைப் பற்றியது அல்ல. "அக்கா, எதிர்நீச்சல் மறுபடி வருதாமே, தெரியுமா?" என்றார். அதே ஆண்டு ஜூன் மாதம் முடிந்துபோன தொடர் அது. இப்போது 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்ற பெயரில் இரண்டாம் பாகம் தொடங்குகிறது. எதிர்வீட்டு அம்மாவும் வந்து சேர்ந்துகொண்டார். பழைய கதை எங்கே நின்றது, யார் யார் திரும்ப வருகிறார்கள், கதாநாயகியாக வேறு பெண் நடிக்கிறாளாமே என்று அரைமணி நேரம் பேச்சு நடந்தது. கீரை வாடிக்கொண்டிருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்பாக இருந்தால் நான் நாளிதழிலிருந்து தலையை நிமிர்த்தி, "வேற வேலை இல்லையா?" என்று கேட்டிருப்பேன். இப்போது கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை என்பதைத்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால், இந்தத் தொடர்கதைப் பழக்கம் எங்கிருந்து புறப்பட்டு நம் காவிரிக் கரைக்கு வந்து சேர்ந்தது என்ற வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்களின் பழைய பத்திரிகைகளில் கதைப் பகுதியின் கீழே 'லா சுயித் ஓ ப்ரோஷேன் நுமேரோ' என்று ஒரு வரி இருக்கும். 'மீதி அடுத்த இதழில்' என்று பொருள். நம்முடைய 'தொடரும்' என்ற சொல்லின் பிரெஞ்சு மாமன் அது என்று வைத்துக்கொள்ளலாம்.

1836இல் எமில் தெ ஜிரார்தேன் என்பவர் பாரிஸில் 'லா பிரெஸ்' என்ற நாளிதழைத் தொடங்கினார். மற்றப் பத்திரிகைகளின் ஆண்டுச் சந்தா 80 பிராங்க். இவர் 40 பிராங்க்கு கொடுத்தார். விலையைப் பாதியாகக் குறைத்தால் விளம்பரம் வேண்டும். விளம்பரம் வர நிறைய வாசகர்கள் வேண்டும். வாசகர் நாள்தோறும் தவறாமல் வாங்க ஏதாவது ஒரு கொக்கி வேண்டும். அந்தக் கொக்கிதான் தொடர்கதை. அதே ஆண்டில் பால்சாக் எழுதிய ஒரு கதை அந்த நாளிதழில் பகுதி பகுதியாக வந்தது. இன்று சீரியலுக்கு நடுவே சோப்பு விளம்பரம் வருகிறதே, அதன் கணக்கு அன்றே போடப்பட்டுவிட்டது.

1842 ஜூனிலிருந்து 1843 அக்டோபர் வரை 'ழுர்னால் தே தெபா' என்ற நாளிதழில் எழேன் சூ என்பவர் 'பாரிஸ் மர்மங்கள்' என்ற தொடரை எழுதினார். சேரிகளிலும் சிறைகளிலும் நடக்கும் கதை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். கதை முடியும்வரை நோயாளிகள் சாவதைக்கூடத் தள்ளிப்போட்டார்கள் என்று தியோஃபில் கோத்தியே என்ற எழுத்தாளர் வேடிக்கையாக எழுதினார். சூவுக்கு வந்த கடிதங்கள் நூற்றுக்கணக்கில் இன்றும் பாரிஸில் பாதுகாக்கப்பட்டு இருக்கின்றன. கதையில் வரும் ஏழைகளுக்காகக் கெஞ்சியவர்கள் உண்டு. கதையைச் சாக்காக வைத்துக்கொண்டு தங்கள் சொந்தத் துன்பத்தை எழுதியவர்களும் உண்டு. வசதியான மருத்துவர் குடும்பத்துப் பிள்ளையான சூ, இந்தத் தொடரை எழுத எழுதவே ஏழைகளின் பக்கம் சாய்ந்தார். 1850இல் பாரிஸ் மக்கள் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். பயந்துபோன அரசாங்கம் அதே ஆண்டு ஜூலையில், தொடர்கதை வெளியிடும் பத்திரிகைக்குப் பிரதி ஒன்றுக்கு ஒரு சான்தீம் கூடுதல் வரி போட்டது. அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் எனக்கு இந்தச் செய்தியில் தனி ருசி. கதை கேட்கும் கூட்டத்துக்கு வரி போட வேண்டும் என்று ஒரு சர்க்காருக்குத் தோன்றியிருக்கிறது!

சூவின் கதையைப் பார்த்து, லண்டனில் ரெயினால்ட்ஸ் என்பவர் 1844இல் 'லண்டன் மர்மங்கள்' என்று வாரந்தோறும் எழுதத் தொடங்கினார். அவருடைய நாவல்கள் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தன. ஆரணி குப்புசாமி முதலியார் அவற்றைத் தமிழாக்கினார். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் இருக்கிறதே வடுவூர், இன்று பறவைகள் சரணாலயம் என்று சொன்னால்தான் பிள்ளைகளுக்குத் தெரிகிறது, அந்த ஊர் துரைசாமி ஐயங்காரும் இதே வழியில் துப்பறியும் நாவல்களை எழுதிக் குவித்தார். பாரிஸ் சந்தில் புறப்பட்ட சரக்கு லண்டன் வழியாக வடுவூர் வந்து சேர்ந்த பாதை இது.

தமிழில் தொடர்கதை அதற்கு முன்பே வந்துவிட்டது. ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' மாத இதழில் வந்தது. ஆனால் ஊர் முழுவதும் காத்திருக்கும் வழக்கத்தை உண்டாக்கியது வாரப் பத்திரிகைகள்தான். 1928இல் எஸ்.எஸ்.வாசன் 'ஆனந்த விகட'னை வாங்கினார். மாயவரத்துக்குப் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்த கிருஷ்ணமூர்த்தி, கல்கி என்ற பெயரில் அதில் எழுதினார். 1938–39இல் அவருடைய 'தியாகபூமி' விகடனில் வந்தபோது, பாபநாசத்துக்காரரான கே.சுப்பிரமணியம் அதைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். சித்திரத்துக்குப் பதிலாக அந்தப் படத்தின் புகைப்படங்களே கதையோடு வெளிவந்தன. அடுத்த வாரம் என்ன நடக்கும் என்பதோடு, அதைத் திரையில் எப்போது பார்ப்போம் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்துகொண்டது.

நம் பக்கத்தில் இது எளிதாக வேர்பிடித்ததற்குக் காரணம் உண்டு. பத்திரிகை வருவதற்கு முன்பே நம் மக்கள் தவணை முறையில் கதை கேட்டுப் பழகியவர்கள். கோயில் மண்டபத்தில் நாட்கணக்காக ராமாயணக் காலட்சேபம் நடக்கும். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படிப்பார்கள். பாகவதருக்கு எந்த இடத்தில் நிறுத்தினால் மறுநாள் கூட்டம் வரும் என்று நன்றாகத் தெரியும். கேட்டவர்கள் வீடு திரும்பும் வழியெல்லாம் கைகேயியைத் திட்டிக்கொண்டே போவார்கள். திட்டு கைகேயிக்கு மட்டும்தானா, வீட்டில் இருக்கும் வேறு யாருக்காவதும் சேர்த்தா என்பது அவரவருக்குத்தான் வெளிச்சம்.

இனி என் அம்மாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் அம்மா. குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். முப்பது வயதுக்குள் தாத்தாவை இழந்தவர். எழுத்து வாசனை கிடையாது. ஆனால் 'பொன்னியின் செல்வன்' முழுவதும் அவருக்குத் தெரியும்.

'கல்கி' வார இதழ் 1941இல் தொடங்கியது. அதில் 1950 அக்டோபர் கடைசியிலிருந்து 1954 வரை, மூன்றரை ஆண்டு காலம் 'பொன்னியின் செல்வன்' வந்தது. மாமா ஒவ்வொரு வாரமும் குத்தாலம் ரயிலடியில் காத்திருந்து பத்திரிகையை வாங்கி வருவாராம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு அவர் படிப்பார். பத்துப் பதினைந்து பேர் கேட்பார்கள். தெருவில் இருந்தது ஒரே பிரதி. நம் மாவட்டத்து வீடுகள் பலவற்றில் நடந்ததுபோலவே, பிறகு அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, மாயவரத்தில் கொடுத்து, ஐந்து பாகமாக பைண்டு செய்து வைத்தார்கள். மணியம் வரைந்த படங்களும், கதைக்கு நடுவே வந்த விளம்பரங்களும் அப்படியே இருக்கும்.

1961 கோடை விடுமுறையில் நான் அங்கே போனபோது எனக்குப் பதினொரு வயது. பள்ளியில் பிரெஞ்சு மட்டும் சரளமாக வரும்; தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். மாமா வேலைக்கு வெளியூர் போய்விட்டதால் அம்மாயிக்குப் படித்துக்காட்ட ஆளில்லை. பைண்டு புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். வீரநாராயண ஏரிக்கரையில், ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று, வந்தியத்தேவன் குதிரையில் வரும் இடம். ஒரு பக்கம் படிக்க எனக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. நான் தப்பாகப் படித்தால் எழுதப் படிக்கத் தெரியாத அம்மாயி திருத்துவார். காதால் கேட்டே அவருக்கு மனப்பாடம்.

'தொடரும்' என்று வரும் இடத்தில் புத்தகத்தை மூடச் சொல்லிவிடுவார்.

"அடுத்தது இங்கேயே இருக்கே அம்மாயி, படிக்கட்டுமா?" என்று கேட்பேன்.

"வேணாம்ப்பா. நாங்க ஒரு வாரம் காத்துக் கிடந்தோம். நீ ஒரு ராத்திரியாச்சும் இருக்கக் கூடாதா? என்ன ஆவும்னு நீயே யோசிச்சுப் பாரு. காலைல எங்கிட்ட சொல்லு."

மறுநாள் காலையில் கன்றுக்குட்டியைக் கட்டும்போதோ, நெல்லை வெயிலில் பரப்பும்போதோ நான் ஊகித்ததைச் சொல்வேன். அவர் சரி என்றும் சொல்லமாட்டார், தப்பு என்றும் சொல்லமாட்டார். பக்கத்து வீட்டு அத்தையும் சேர்ந்துகொள்வார். நந்தினி நல்லவளா கெட்டவளா என்று இருவருக்கும் வழக்கு நடக்கும். அத்தை அவளை வாய்க்கு வந்தபடி திட்டுவார். அம்மாயி மட்டும் நந்தினி கட்சி. "அவளுக்கு நடந்தது உனக்கு நடந்திருந்தா தெரியும்" என்பார். இரண்டு கோடை விடுமுறைகளில் ஐந்து பாகமும் முடிந்தது. எனக்குத் தமிழ் படிக்க வந்தது அப்படித்தான். இன்று இதை நான் தமிழில் எழுதுகிறேன் என்றால், கொடுத்தது எந்தப் பள்ளிக்கூடமும் அல்ல, அந்தத் திண்ணைதான்.

சில ஆண்டுகள் கழித்து வகுப்பில் அலெக்சாந்தர் துய்மாவின் 'மூன்று துப்பாக்கி வீரர்கள்' பாடம் வந்தது. அதுவும் 1844இல் 'லெ சியேக்ல்' நாளிதழில் தொடராக வந்த கதைதான். முதல் அத்தியாயத்தில் ஓர் இளைஞன், பையில் ஒரு கடிதம், மஞ்சள் நிறக் குதிரை, போகிற வழியிலேயே ஒரு சண்டை. நான் வகுப்பிலேயே "வந்தியத்தேவன்!" என்று சொல்லிவிட்டேன். ஆசிரியர் என்ன என்று கேட்டார். பிரெஞ்சில் விளக்கத் தெரியாமல் விழித்தேன். விடுமுறையில் அம்மாயியிடம் சொன்னபோது, "அங்கயும் இப்படி ஒரு புள்ளயா? அவனுக்கும் ஓலை குடுத்துவுட்டாங்களா?" என்று ஆச்சரியப்பட்டார்.

அன்றைய வாசகர்களுக்கும் கதை முடிந்தது பிடிக்கவில்லை. திடீரென்று நிறுத்திவிட்டதாகக் குறைப்பட்டார்கள். அவனுக்கு என்ன ஆயிற்று, இவளுக்கு யாரோடு கல்யாணம் என்று கேள்விகள். கல்கி கடைசியில் முடிவுரை ஒன்று எழுதி, வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1954 டிசம்பர் 5ஆம் தேதி அவர் காலமானார். மீதிக் கதையைக் கேட்கும் ஆசை அதோடு தீரவில்லை. 'அமுதசுரபி' ஆசிரியர் விக்கிரமன், 'நந்திபுரத்து நாயகி' என்று அதன் தொடர்ச்சியை எழுதினார். இப்போது 'சீசன் டூ' என்கிறார்களே, அதற்கு நம் மாவட்டத்து முன்னோடி.

அப்புறம் 1950களின் பின்பாதியில் விகடனில் கொத்தமங்கலம் சுப்பு, 'கலைமணி' என்ற பெயரில் 'தில்லானா மோகனாம்பாள்' எழுதினார். தஞ்சாவூரில் பிறந்த கோபுலு படம் போட்டார். சிக்கல் சண்முகசுந்தரமும் திருவாரூர் மோகனாம்பாளும் நிஜமாகவே நம் ஊர்களில் இருப்பவர்கள்போல ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். தி.ஜானகிராமனின் 'மோகமுள்' 'சுதேசமித்திர'னில் வாராவாரம் வந்து, கும்பகோணத்துத் தெருக்களைக் கும்பகோணத்துக்காரர்களுக்கே காட்டியது. குமுதத்தில் சாண்டில்யனின் 'கடல் புறா' வந்த காலத்தில் நான் வேலை தேடிக்கொண்டிருந்தேன். முடிவெட்டும் கடையில் தலையை நீட்டும்போதே, "இந்த வாரம் படிச்சாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

தொலைக்காட்சி நம் பக்கத்துக்குத் தாமதமாகத்தான் வந்தது. சென்னையில் 1975இல் தூர்தர்ஷன் தொடங்கினாலும் இங்கே எட்டவில்லை. காரைக்கால், நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரத்தில் எங்களுக்கு முதலில் கிடைத்தது இலங்கைதான். வானொலியிலும் இலங்கையே முந்தியிருந்தது. 1982இல் ரூபவாஹினி வந்ததும், வசதியுள்ளவர்கள் உயரமான குழாயில் ஆன்டெனாவைக் கட்டி இலங்கைப் பக்கம் திருப்பி வைத்தார்கள். 1987இல் கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் வந்த பிறகுதான் நம் நிகழ்ச்சிகள் ஓரளவு எட்டின.

அந்த 1987 ஜனவரியில் ராமானந்த் சாகரின் 'ராமாயண்' ஞாயிறு காலைகளில் தொடங்கியது. முழுக்க இந்தி. எங்கள் தெருவில் தொலைக்காட்சி இருந்தது ஒரு மரைக்காயர் வீட்டில். பிள்ளை சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. அந்த வீட்டுக் கூடத்தில்தான் நாங்கள் ராமாயணம் பார்த்தோம். யாருக்கும் இந்தி தெரியாது. கதை எல்லாருக்கும் தெரியும். ஆகவே பேச்சுக்குக் குறைவில்லை. வீட்டுக்கார அம்மா எல்லாருக்கும் தேநீர் கொடுத்துவிட்டு, "அந்தப் பொண்ணைத் தனியா விட்டுட்டு ரெண்டு பேரும் போலாமா?" என்று லட்சுமணனைக் கடிந்துகொள்வார்.

அந்தத் தொடர் 1988 ஜூலைக் கடைசியில் பட்டாபிஷேகத்தோடு முடிந்தது. பஞ்சாபில் ஜலந்தர் நகரத்துத் துப்புரவுத் தொழிலாளர்கள் இதற்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் வால்மீகி முனிவரைத் தங்கள் குலகுருவாகக் கொண்டவர்கள். சீதை வால்மீகியின் ஆசிரமத்துக்கு வரும் உத்தர காண்டத்தைக் காட்டாமல் எப்படி முடிக்கலாம் என்பது அவர்கள் கேள்வி. வேறு ஊர்களுக்கும் வேலைநிறுத்தம் பரவ, அரசு இறங்கிவந்தது. லவகுசர் கதை பிறகு தனித் தொடராக வந்தது. கூலி உயர்வுக்கு வேலைநிறுத்தம் கேள்விப்பட்டிருக்கிறோம். அடுத்த பாகத்துக்காக வேலைநிறுத்தம் நடந்தது அப்போதுதான். நன்றாக யோசித்தால், அவர்கள் கேட்டது கதையை மட்டுமல்ல. அந்தக் கதையில் தங்களுக்கு உள்ள இடத்தை.

1993 சித்திரை முதல் நாள் சன் டிவி வந்தது. 1999 டிசம்பரில் ராதிகாவின் 'சித்தி' தொடங்கியபோது இரவுச் சாப்பாட்டு நேரமே மாறிப்போனது. 2002இல் திருமுருகன் இயக்கிய 'மெட்டி ஒலி'. 2003 முதல் 2009 வரை தேவயானி நடித்த 'கோலங்கள்', 1500 பகுதிகளுக்கு மேல். 'பொன்னியின் செல்வ'னைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம். 'கோலங்கள்' எடுத்த திருச்செல்வம்தான் 'எதிர்நீச்ச'லையும் எடுத்தவர்.

'மெட்டி ஒலி' ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தகப்பனாரின் கதை. ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி என்ற பழமொழி நம்மிடம் உண்டு. அந்த நாளில் நான் அலுவலக வேலையாகக் கிராமங்களுக்குப் போவேன். சம்பா நடவு நடக்கும் வயல்களில் முன்பெல்லாம் நடவுப் பாட்டு கேட்கும். அப்போது கேட்டது நேற்று ராத்திரி சீரியல். வரிசையில் குனிந்தபடியே ஒருத்தி கதை சொல்வாள். கரண்ட் போனதால் பார்க்காத இன்னொருத்தி கேட்பாள். "எம் மவளுக்கும் இதே கதைதான், போன தீவாளிக்கு வந்தவ..." என்று மூன்றாவது பெண் ஆரம்பிப்பாள். பிறகு சீரியல் நின்றுபோகும். மகளின் கதை ஓடும். வரப்பில் நின்ற நான், இவர்கள் பொழுதைக் கெடுக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

என் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2003ஆம் ஆண்டு என்று நினைவு. ஒரு காலையில் என் மனைவியும் பக்கத்து வீட்டு அம்மாவும் முதல்நாள் பார்த்ததைப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமியார் வீட்டில் மருமகளின் நகையைக் கேட்கும் காட்சி. நான் கூடத்தில் சவரம் செய்துகொண்டிருந்தேன். என் மனைவி சொன்னாள்: "அவளாச்சும் வாய்விட்டு அழுவுறா அக்கா. நான் வளையலக் கழட்டிக் குடுத்தப்ப அழக்கூட இல்ல. அழுதா இவரு மனசு சங்கடப்படும்னு."

1981இல் என் தங்கையின் கல்யாணத்துக்காக அவளுடைய நான்கு வளையல்களை அடகு வைத்தோம். வட்டி கட்ட முடியாமல் அவை முழுகிப்போயின. அதற்குப் பிறகு இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. சொல்வதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்தை ஒரு சீரியல் கொடுத்தது. 2010இல் ஓய்வுபெற்ற பணத்தில் கும்பகோணத்தில் நான்கு வளையல் வாங்கினேன். போட்டுப் பார்த்துவிட்டு, "அந்த டிசைன் இல்லீங்க" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் சீரியலைக் கேலி செய்வதை விட்டுவிட்டேன்.

இதனால் எல்லாச் சீரியலும் உயர்ந்தவை என்று நான் சொல்லவில்லை. பத்து நிமிடக் கதையை ஒரு மாதம் இழுக்கிறார்கள். பெண்ணுக்குப் பெண்ணே பகை என்று திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். வியாழக்கிழமை வரும் தரவரிசைப் புள்ளியைப் பார்த்துக் கதையைத் திருப்புகிறார்கள். ஜிரார்தேன் 1836இல் போட்ட அதே விளம்பரக் கணக்கு. சூவும் கல்கியும்கூட அந்தக் கணக்குக்குள் நின்றுதான் எழுதினார்கள். எழுத்து நன்றாக இருந்ததால் கணக்கு நமக்குத் தெரியவில்லை. இந்த வரலாற்றில் எனக்குப் புலப்படுவது ஒன்றுதான். கதை நல்லதோ மட்டமோ, ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் ஜனங்கள் தங்கள் சொந்தக் கதையைப் பேசிக்கொண்டார்கள். பாரிஸில் கடிதமாக, குத்தாலத்தில் திண்ணையில், நடவு வயலில் வரிசையில் நின்றபடி.

2023 செப்டம்பர் 8ஆம் தேதி, 'எதிர்நீச்ச'லில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து திடீரென்று இறந்தார். நாள்தோறும் அந்தக் குணசேகரனைத் திட்டித் தீர்த்த எங்கள் தெருப் பெண்கள் அன்று கண் கலங்கினார்கள். கீரைக்கார அம்மா, "எங்க வீட்டுப் பெரியவரு போனாப்புல இருக்கு. அவரும் இப்படித்தான் அதட்டிக்கிட்டே இருப்பாரு" என்றார். அவருடைய கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதற்குமுன் அவரைப் பற்றி அந்த அம்மா எங்களிடம் பேசியதே இல்லை.

என் பேத்தி கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஒரு தொடரின் மொத்த சீசனையும் ஒரே ராத்திரியில் போனில் பார்த்துவிடுவாள். காத்திருக்க என்ன இருக்கிறது என்பாள். தோழிகளிடம் வாய்திறந்து பேசவும் முடியாதாம். ஒருத்தி முடித்திருப்பாள், ஒருத்தி பாதியில் இருப்பாள், "சொல்லாதே, சொல்லாதே" என்பார்களாம். எல்லாரிடமும் கதை இருக்கிறது, பேச்சு இல்லை என்று எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் சென்ற பொங்கல் விடுமுறையில் வந்தபோது ஒன்று கவனித்தேன். ஏதோ ஒரு கொரியத் தொடர், வாரத்துக்கு இரண்டு பகுதிகள்தான் வருமாம். சனி, ஞாயிறு இரவில் நான்கு தோழிகள் நான்கு ஊரில் இருந்துகொண்டு ஒரே நேரத்தில் பார்த்துவிட்டு, பிறகு நள்ளிரவு வரை போனில் பேசினார்கள். கதவுக்கு வெளியே கேட்டது சிரிப்பு. நடுவில் கொஞ்சம் அழுகையும் கேட்டது. நான் உள்ளே போய்க் கேட்கவில்லை.

பைண்டு செய்த அந்த ஐந்து பாகமும் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன. அதில் ஒரே ஒரு வாரத்துப் பகுதி மட்டும் கிடையாது. 1952 நவம்பர் 30ஆம் தேதி நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய பெரும்புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. ரயில் வரவில்லை, பத்திரிகையும் வரவில்லை. அந்த இதழ் மாமாவுக்குக் கிடைக்கவே இல்லை. நான் படித்துக்கொண்டுபோய் அந்த இடத்தில் நின்றபோது அம்மாயி, "அதை நான் சொல்றேன், கேளு" என்று தாமே சொன்னார்.

பதினெட்டாம் பெருக்கு. காவிரிக் கரையில் பெண்களெல்லாம் காப்பரிசி வைத்துப் படைத்து, ஒருவருக்கொருவர் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். நந்தினி மட்டும் தள்ளி நிற்கிறாள். வா என்று யாரும் கூப்பிடவில்லை. எல்லாரும் போன பிறகு அவள் தனியாகப் படித்துறையில் இறங்கி, ஆற்றில் மிதந்துபோகும் பூவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அப்போதுதான் அவள் மனசு கல்லாய்ப் போயிற்று. இதுதான் அம்மாயி சொன்ன அத்தியாயம்.

அம்மாயி 1970இல் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பல ஆண்டுகள் கழித்து வானதி பதிப்பகத்துப் புத்தகத்தை வாங்கி, விடுபட்ட அந்தப் பகுதியைத் தேடினேன். பிறகு முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை நிதானமாகப் படித்தேன். கல்கி அப்படி ஒரு காட்சியை எங்கேயும் எழுதவில்லை.